ஓய்வு என்னும் தண்டனை

நம்மவர் இல்லங்களில் அன்பின் பெயரால் நாள்தோறும் வழங்கப்படும் தண்டனை ஒன்று உண்டு. கை நடுங்கத் தொடங்கிய தந்தையிடம் மகன் சொல்கிறான்: "அப்பா, நீங்கள் பேசாமல் உட்காருங்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." கால் இழுபடத் தொடங்கிய மாமியாரிடம் மருமகள் சொல்கிறாள்: "அத்தை, நீங்கள் எழுந்திருக்க வேண்டா, தேநீர் நானே கொண்டு வருகிறேன்." சொல்வோர் நெஞ்சில் கள்ளம் இல்லை. ஆயினும் நடுக்குவாத நோய் கண்டவருக்கு இவ்வறிவுரை, மருந்தை நிறுத்துவதற்கு அடுத்தபடியான கேடு என்று நான் துணிந்து கூறுவேன். அவரை எழுப்ப வேண்டும். நடக்கச் செய்ய வேண்டும். வியர்க்கச் செய்ய வேண்டும். வேண்டுமாயின் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டி, தொங்கும் மூட்டையின்முன் நிறுத்திக் குத்தச் செய்யவும் வேண்டும். இதைக் கேட்டு நகைப்போர் உளர் என்பதை அறிவேன். அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை.

முதற்கண் நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். நடுக்குவாதம் என்று நாம் வழங்குவது பாதி உண்மையையே சொல்கிறது. நடுக்கம் இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று, ஒன்று மட்டுமே. கை சிறிதும் நடுங்காத நோயாளிகளும் உளர். தசை விறைத்தல், இயக்கம் மந்தமாதல், நிலை தடுமாறுதல் ஆகியன நடுக்கத்தினும் மிகுதியாக வாழ்வை முடக்குவன. 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் விவரித்தவர்கள் அறுவரே. அவ்வறுவருள்ளும் சிலர் அவரிடம் மருத்துவம் நாடி வந்தவர் அல்லர். தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். ஒருவர் நடக்கும் நடையைக் கூர்ந்து நோக்கியே நோயின் இலக்கணத்தை வகுத்துவிட்டார் அவர். நம் தெருக்களிலும் அத்தகையோர் நடக்கின்றனர். நமக்கு மட்டும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கண்ணில் பட்டாலும் தவறாகப் படிக்கிறோம். தமிழாசிரியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நான் அறிவேன். கரும்பலகையில் அவர் எழுதிய எழுத்தைப் பார்த்தே எங்கள் வட்டாரத்தில் பலர் எழுதக் கற்றனர். பணி ஓய்வுக்கு முந்திய ஆண்டுகளில் அவருடைய வருகைப் பதிவேட்டில் ஒரு புதுமை தோன்றியது. வரியின் தொடக்கத்தில் முழு அளவில் நிற்கும் எழுத்து, வரி முடியுமுன் எறும்பின் அளவாகிவிடும். கண் பார்வை குன்றிவிட்டது போலும் என்றனர் சிலர். சிக்கனம் என்று கேலி பேசினர் வேறு சிலர். அஃது இந்நோயின் முதன்மையான குறிகளுள் ஒன்று என்பதை எழுத்தையே தொழிலாகக் கொண்ட எங்களுள் எவரும் அறிந்திருக்கவில்லை. பின்னர் அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. முகத்தசைகள் விறைத்துப்போவதால் உள்ளத்து மகிழ்ச்சி முகத்திற்கு வந்து சேராமல் போகும் நிலை அது. பழைய மாணவர்களோ, "வாத்தியாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது; வணங்கினால்கூட முகம் கொடுப்பதில்லை" என்று பேசிக்கொண்டனர். திருமணப் பந்தியில் கைக்குவளை நடுங்கித் தேநீர் சிந்திய அன்று, வேறொரு குற்றமும் அவர்மேல் சுமத்தப்பட்டது. அதை இங்கு எழுத என் எழுதுகோல் கூசுகிறது. அதன்பின் அவர் கோயிலுக்கும் வருவதில்லை, கூட்டத்திற்கும் வருவதில்லை. வீட்டார் அவரை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, நன்றாகவே பார்த்துக்கொண்டனர். ஈராண்டில் எழுந்து நிற்பதற்கே இருவர் துணை வேண்டியதாயிற்று.

நோய் மட்டுமா அவரை அந்நிலைக்குக் கொணர்ந்தது? நாற்காலிக்கும் அதில் பங்குண்டு என்பதே என் குற்றச்சாட்டு.

நோயின் இயல்பைச் சிறிது விளக்குதல் கடன். நம் நடுமூளையில் கருநிறம் வாய்ந்த சிறு பகுதி ஒன்று உளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் நினையாமலே நடப்பதும், நடக்கும்போது கை வீசுவதும், பேசுகையில் முகம் மலர்வதும், எழுதும்போது எழுத்தின் அளவு குன்றாமல் இருப்பதும் இப்பொருளின் துணையாலேயே நிகழ்கின்றன. இந்நரம்பணுக்களுள் பாதியோ அதற்கு மேலோ அழிந்த பின்னரே நோயின் குறிகள் வெளிப்படுகின்றன. 1960-ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து, குறைந்துபோன டோபமினை ஓரளவு ஈடு செய்கிறது. அது நோயாளிக்குக் கிடைத்த பெரும்பேறு. எனினும் அழிந்த அணுக்களை அம்மருந்து மீட்டுத் தருவதில்லை.

இந்நோயில் ஒரு விந்தை உண்டு. ஆசிரியர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். நோயாளியின் அசைவு சிறுத்துவிடுகிறது; ஆனால் அது சிறுத்துவிட்டது என்பதை அவர் உணர்வதில்லை. அரையடி எடுத்து வைத்துவிட்டு ஓரடி வைத்ததாக எண்ணுவார். முணுமுணுத்துவிட்டு உரக்கப் பேசியதாகவே கருதுவார். "உங்களுக்குத்தான் காது கேட்கவில்லை" என்று மனைவியைக் கடிந்துகொள்வார். "பெரிதாக! இன்னும் பெரிதாக!" என்று பக்கத்தில் நின்று ஒருவர் தூண்டினால், அதே மனிதர் முழுவடி வைக்கிறார், குரலை உயர்த்துகிறார். தாமாக இயங்கும் வழி பழுதுபட்டிருந்தாலும், வெளியிலிருந்து வரும் ஏவலுக்கும் தாளத்திற்கும் தரையில் கிழித்த கோட்டிற்கும் கட்டுப்பட்டு இயங்கும் வேறு வழிகள் மூளையில் எஞ்சியிருக்கின்றன. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டாற்போல் உறைந்து நிற்கும் ஒருவர், "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கை கொடுத்தவுடன் படியைத் தாண்டிச் செல்வதைக் கண்டவர்களுக்கு இது புரியும். நாற்காலி ஏவுவதுமில்லை, எண்ணிக்கை கொடுப்பதுமில்லை.

இனிக் குத்துச்சண்டைக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்துத் தலைநகர் இண்டியானாபோலிஸ். அந்நகரை உள்ளடக்கிய மரியோன் மாவட்டத்தில் அரசு வழக்குரைஞராகப் பணியாற்றியவர் ஸ்காட் நியூமன். நாற்பதாம் அகவையில் அவருக்கு இந்நோய் உண்டென்று மருத்துவர்கள் அறிந்து கூறினர். இது முதியோர் நோய், இளையோர்க்கு இல்லை என்று சொல்லித் திரிவோர் அந்த நாற்பதை நினைவில் கொள்க. குத்துச்சண்டை பயின்ற நண்பர் ஒருவர் அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். உடல் இளகியது, நடை தேறியது, மனம் தெளிந்தது. தமக்குக் கிடைத்ததைப் பிறரும் பெறட்டும் என்று 2006-ஆம் ஆண்டில் ராக் ஸ்டெடி பாக்சிங் என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். தொழில்முறைக் குத்துச்சண்டை வீராங்கனையாகிய கிறிஸ்டி ஃபால்மர் அதன் தொடக்கக் காலப் பயிற்றுநர்களுள் ஒருவர். இன்று அம்முறை உலகின் நூற்றுக்கணக்கான ஊர்களில் நடைபெற்று வருகிறது.

அங்கு என்ன செய்கின்றனர்? யாரும் யாரையும் அடிப்பதில்லை. இதை மும்முறை எழுதினாலும் தகும். அங்கு ஓங்கிய கை சென்று சேருமிடம் தொங்கும் மூட்டையும், பயிற்றுநர் ஏந்தி நிற்கும் திண்டும், தலைக்கு நேரே ஆடும் சிறுபந்துமேயன்றி எவர் முகமும் அன்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயிற்சி. முதலில் உடலை நீட்டி வளைத்து இளக்குகின்றனர். பிறகு காலடிப் பயிற்சி: முன்னே, பின்னே, பக்கவாட்டில். நோயாளி பெரிதும் அஞ்சுவது பின்னோக்கி நகர்தலையும் சட்டென்று திரும்புதலையுமே. அவற்றையே குத்துச்சண்டையின் காலடி பயிற்றுவிக்கிறது. அடுத்து, எண் ஏவல். நேர்குத்து ஒன்று, மறுகைக் குத்து இரண்டு, வளைகுத்து மூன்று என்று எண் இட்டுவிட்டு, "ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று" எனப் பயிற்றுநர் உரக்கக் கூவுகிறார். நோயாளி அதனைச் செவியால் வாங்கி, நினைவில் நிறுத்தி, கையை வீசி, காலை ஊன்றி, கூடவே எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்து வேலைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. வகுப்பறையில் நாம் நடத்தும் மனக்கணக்கையும் கூட்டு வாசிப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றாய்ப் பிசைந்தாற் போன்றதொரு பாடம் அது! இறுதியில் தரையில் படுத்துத் தாமாக எழுவதற்கும் பயிற்சி அளிக்கின்றனர். விழாமல் இருக்கக் கற்பிப்பதோடு, விழுந்தால் எழக் கற்பிப்பதும் கல்விதானே.

குத்தும்போது கத்தச் சொல்கின்றனர் என்பதையும் நகைப்போர் சுட்டுவர். கத்துதல் கூத்தன்று. இந்நோயால் குரல் தேய்கிறது. விழுங்கும் தசைகள் தளர்கின்றன. மூச்சை நிறைத்துக் குரலெழுப்புவது அத்தேய்மானத்திற்கு எதிரான பயிற்சி. வீட்டில் கத்தினால் அண்டை வீட்டார் ஓடி வருவர். இருபது பேர் சேர்ந்து கத்தும் கூடத்தில் யாருக்கும் வெட்கமில்லை.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பது அறிவுடையோர் கேள்வி, அதனை மதிக்கிறேன். இண்டியானாபோலிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஆறு நோயாளிகளைப் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். பன்னிரண்டு வாரப் பயிற்சியில் நிலைப்பாடு, நடை, அன்றாடச் செயல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் தேர்ச்சி கண்டனர். நோய் முற்றியவர்க்குப் பயன் விளைய நெடுநாள் வேண்டியதாயிற்று என்றும் எழுதினர். ஆறு பேரைக் கொண்டு உலகிற்குச் சட்டம் வகுக்க இயலாது என்பது உண்மை. 2013-இல் அவர்களே 31 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்குக் குத்துச்சண்டையும் மறு குழுவிற்கு வழக்கமான உடற்பயிற்சியும் அளித்தனர். இரு குழுவினரும் நிலைப்பாட்டிலும் இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் தேறினர். குத்துச்சண்டைக் குழுவினர் நடையின் விரைவிலும் தாங்குதிறனிலும் ஏற்றம் பெற்றனர். விழமாட்டோம் என்னும் தன்னம்பிக்கையிலோ வழக்கமான பயிற்சிக் குழுவினரே மேம்பட்டனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டேவிட் பிளாக்கர் என்னும் நரம்பியல் மருத்துவர், தாமே இந்நோய்க்கு ஆளானவர், பதின்மரைக் கொண்டு பதினைந்து வாரப் பயிற்சியைச் சோதித்து, அது நடைமுறைக்கு ஏற்றதே என்று 2023-இல் தம் குழுவினரோடு வெளியிட்டார்.

இவை சிறு ஆய்வுகள். ஆனால் உடற்பயிற்சி என்னும் பொதுப்பொருளில் பெரிய சான்றுகள் உள. 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 128 பேர் பங்கேற்றனர். இதயத் துடிப்பை அதன் உச்ச அளவில் நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து வரை உயர்த்தும் கடுமையான ஓடுபொறிப் பயிற்சி, தொடக்க நிலை நோயாளிகளுக்குத் தீங்கற்றது என்று அது காட்டிற்று. ஆறு மாதத்தில் அவர்களுடைய இயக்கக் குறைபாடு, பயிற்சியில்லாதவரைக் காட்டிலும் குறைவாகவே வளர்ந்தது. 2023-இல் காக்ரேன் நிறுவனம் 156 ஆய்வுகளை, 7,939 நோயாளிகளைப் பற்றியவற்றை, ஒருங்கே தொகுத்து நோக்கியது. பல வகைப் பயிற்சிகளும் இயக்கத்திற்கும் வாழ்க்கைத் தரத்திற்கும் நன்மை தருகின்றன. ஒரு வகை மற்றொன்றினும் மிகச் சிறந்தது என்பதற்குத் திடமான சான்று இல்லை என்பதே அதன் முடிவின் சாரம்.

இவ்விடத்தில் எதிர்வாதி துள்ளி எழுவார்: "அப்படியாயின் குத்துச்சண்டை எதற்கு? பூங்காவில் நடந்தால் போதாதா?" போதும், நடப்பாராயின். நடக்கிறாரா? நடுங்கும் கையோடும் இழுபடும் காலோடும் ஊரார் கண்முன் தனியே நடக்க எத்தனை பேருக்கு மனவலிமை உண்டு? முதல் வாரம் நடப்பார், மறுவாரம் மழை, மூன்றாம் வாரம் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், நான்காம் வாரம் நாற்காலி. பயிற்சியின் பயன் பயிற்சியைத் தொடர்வதில் அடங்கியது. தொடரச் செய்வது கூட்டம். தம்மைப் போலவே நடுங்கும் பதினைந்து பேர் கூடும் இடத்தில் நடுக்கம் ஒரு செய்தியே அன்று. ஒருவர் வராவிட்டால் மற்றவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். தோட்டப்புறத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு வராதவரை வீடு தேடிச் சென்று விசாரித்த சமுதாயம் நம்முடையது; கூட்டத்தின் வலிமையை நமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டைதான் வேண்டும் என்பதும் என் பிடிவாதம் அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்க் மோரிஸ் நடனக் குழுவினர் 2001 முதல் இந்நோயாளிகளுக்கு நடனம் பயிற்றுவிக்கின்றனர். நம் மூதாட்டியர்க்குக் கும்மியும் கோலாட்டமும் உகக்குமாயின் அவையே ஆகட்டும். ஆனால் முகம் சுளித்துக் குத்துச்சண்டையை மட்டும் விலக்கி வைப்பதற்குக் கூறப்படும் காரணங்கள் வலுவற்றவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"முகம்மது அலிக்கு இந்நோயைக் கொடுத்ததே குத்துச்சண்டைதானே, நஞ்சையா மருந்தென்கிறீர்?" என்கின்றனர். கூர்மையான கேள்விதான். 1975-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை எதிர்த்து அலி பதினைந்து சுற்றுகள் ஆடி வென்றதை என் தலைமுறையினர் தந்தையர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோம். 1984-இல் அவருக்கு இந்நோய்க்கூறு உள்ளதென அறியப்பட்டது, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றிய காட்சியை உலகமே கண்டது, 2016-இல் மறைந்தார். அவருடைய நோய்க்குத் தலையில் பட்ட அடிகள் எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தலையில் தொடர்ந்து அடிபடுதல் மூளைக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. 1928-இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் அதனை எழுதிவிட்டார். ஆதலின் கேடு வாங்கும் அடியில் உள்ளது. வீசும் கையில் இல்லை. நாம் பேசும் பயிற்சியில் வாங்கும் அடி என்பதே கிடையாது. நீரில் மூழ்கி இறந்தோர் உளர் என்பதற்காகக் குளிப்பதை யாரும் நிறுத்துவதில்லை. அலியை எடுத்துக்காட்டுவோர் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வாதிடுகின்றனர். மாணவன் கட்டுரையில் இப்படி எழுதினால் சிவப்பு மையால் கோடிடுவோம்.

"வன்முறையைப் பள்ளி வளாகத்திற்குள் கொணர்வதா?" என்பது அடுத்தது. சிலம்பம் நம் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக மேடையேறும்போது கைதட்டுகிறோம். குத்துவரிசை தமிழர் கலை என்று மார்தட்டுகிறோம். அங்கு ஆளை நோக்கிக் கோல் வீசினால் பண்பாடு. இங்கு மூட்டையை நோக்கிக் கை வீசினால் வன்முறையா? உண்மைக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. எழுபது வயது மூதாட்டி ஒருவர் கையுறை அணிந்து நிற்பதை நம் கண்கள் ஏற்க மறுக்கின்றன. முதியவர் என்றால் மூலையில் அமர்ந்து வாழ்த்துவதற்கு உரியவர் என்று ஓர் ஓவியம் நம் மனத்தில் மாட்டப்பட்டுள்ளது. சட்டத்தைவிட்டு அவர் வெளியே வந்தால் நமக்கு நாணம் பிறக்கிறது. நாணம் நம்முடையது, விலை கொடுப்பவரோ அவர்.

என் பக்கத்தில் நிற்போரோடும் எனக்கு வழக்கு உண்டு. இப்பயிற்சியைப் பரப்புவோர் சிலர் போர்மொழியில் பேசுகின்றனர்: நோயை எதிர்த்துப் போரிடு, வீழ்த்து, வெற்றி கொள். ஊக்கமூட்ட அது பயன்படலாம். ஆனால் இந்நோய் இதுவரை யாராலும் வீழ்த்தப்பட்டதில்லை. பயிற்சி செய்தும் ஆண்டுகள் சிலவற்றில் நலிந்தவரை அப்போது என்னென்று அழைப்பீர்? தோற்றவர் என்றா? நன்றாகப் போராடவில்லை என்றா? உடற்பயிற்சி இந்நோயைக் குணமாக்காது. அன்றாட வாழ்வில் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்ளும் நாள்களைக் கூட்டித் தரும். கழிப்பறைக்குத் தாமே சென்று வரும் ஆண்டுகளை நீட்டித் தரக்கூடும். அவ்வளவே. அவ்வளவு போதாதென்று சொல்பவர், பிறர் கையால் பொத்தான் மாட்டப்படும் நிலையை எண்ணிப் பார்த்திராதவர்.

குணமாகும் என்று உறுதி கூறி விற்போரோ இதனினும் கொடியர். கைத்தொலைபேசி வழியே நாளொரு சூரணம் நம்மவரிடையே உலா வருகிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது என்பது மெய். அதனாலேயே அஃது அச்சத்திற்குரியது. எவ்வளவு உள்ளதென்று அளவறியாமல், மருத்துவர் தரும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் விளைவு என்னாகும்? இயற்கை என்னும் ஒரே சொல்லில் நம்மவர் மதியிழப்பதைக் காணும்போதெல்லாம், அறிவியல் பாடத்தை நாம் எப்படித்தான் கற்பித்தோம் என்னும் கவலை எழுகிறது.

இனி என் சொந்த வழக்கு. எங்கள் வட்டாரத்து அமைப்பொன்றின் கூட்டத்தில், சனிக்கிழமை காலைகளில் சும்மா கிடக்கும் மண்டபம் ஒன்றை இந்நோயாளிகளின் கூட்டுப் பயிற்சிக்குத் தரலாம் என்னும் கருத்தை முன்வைத்தேன். மூன்று மறுமொழிகள் கிடைத்தன. யாரேனும் விழுந்தால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். பிள்ளைகள் பார்த்துப் பயப்படுவார்கள் என்றார் மற்றொருவர். "வயதானவர்களை ஏன் ஐயா துன்புறுத்துகிறீர்கள்? நிம்மதியாக இருக்க விடுங்கள்" என்றார் மூன்றாமவர். அனைவரும் தலையசைத்தனர், அடுத்த பொருளாகிய விருந்துச் செலவுக்குக் கூட்டம் சென்றுவிட்டது.

முதலாமவரின் கேள்வி நேர்மையானது, விடை உண்டு. மருத்துவர் ஒப்புதலின்றி எவரையும் சேர்த்தல் கூடாது. சிலர்க்கு எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சரியும். சிலர்க்கு எலும்பு தேய்ந்திருக்கும். சிலர்க்கு இதய நோய் உடனிருக்கும். மருந்து நன்கு வேலை செய்யும் வேளையிலேயே பயிற்சியை அமைக்க வேண்டும். நிலை தடுமாறுவோர் பக்கத்தில் ஒரு துணைவர் நிற்க வேண்டும். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே குத்தலாம். இயன்மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். வீட்டில் குளியலறையில் தனியே விழுவதினும், மெத்தை விரித்த கூடத்தில் துணைவர் பக்கத்தில் இருக்க விழுவது எவ்வளவோ மேல் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாமவரை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. பிள்ளைகள் பயப்படுவார்களாம்! தாத்தாவின் கை நடுங்குவது ஏன் என்று கேட்கும் பேரனுக்கு நாம் கூறும் விடை யாது? "அங்கே போகாதே, தாத்தாவைத் தொந்தரவு செய்யாதே." பயம் அங்கே கற்பிக்கப்படுகிறது. நோயின் பெயரும் காரணமும் தெரிந்த குழந்தை பயப்படுவதில்லை, திண்டைப் பிடித்து நின்று, "குத்துங்கள் தாத்தா, ஒன்று, இரண்டு!" என்று எண்ணிக்கை கொடுக்கும். அதற்கு வேண்டிய குரல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஏராளமாக உண்டு என்பதை வகுப்பறைகளைக் கடந்து செல்லும் எந்தத் தலைமையாசிரியரும் அறிவார்.

மூன்றாமவருக்கு இக்கட்டுரை முழுவதுமே மறுமொழி. நிம்மதி என்று அவர் எதைச் சொல்கிறாரோ அதை நான் அந்தச் சாய்வு நாற்காலியில் கண்டிருக்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களே, இதில் நமக்குத் தனிப்பங்கு இருப்பதாக நான் கருதுவது வெறும் சமுதாயப் பற்றினால் அன்று. எண்ணிக்கை கொடுத்தல், உரக்கச் சொல்ல வைத்தல், தவறினால் மீண்டும் செய்ய வைத்தல், சிறிதாகச் செய்தவனைப் பெரிதாகச் செய்யத் தூண்டுதல், கூச்சமுள்ளவனைக் கூட்டத்தோடு சேர்த்தல் ஆகிய இவை யாவும் நம் தொழிற்கருவிகள். பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி நமக்கும் ஒரு பாடமாக இருந்தது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் எத்தனை பேர் இன்னும் மணி போன்ற குரலோடு ஊர்தோறும் இருக்கின்றனர்! இயன்மருத்துவர் வகுத்த பயிற்சியை வாரத்தில் இருமுறை ஏவிக் கொடுக்க அவர்களால் இயலாதா? மாணவர்களுக்கும் பணி உண்டு. எழுத்து சிறுத்துவரும் பாட்டனாரை, முகம் மலராத பாட்டியாரை, ஒரு பக்கக் கை வீசாமல் நடக்கும் பெரியப்பாவைக் கண்டால், வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் மலேசியப் பார்க்கின்சன் நோய்ச் சங்கமும், சிங்கப்பூரில் அந்நோய்க்கென ஒரு சங்கமும் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. வழிகாட்டல் கிடைக்காது என்று சொல்வதற்கில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன், இல்லையேல் அதுவே நான்காவது மறுப்பாகிவிடும். குத்துமேடை வேண்டியதில்லை. தாங்கியோடு கூடிய இரண்டு மூன்று குத்துமூட்டைகள், நோயாளிக்கு ஓரிணை கையுறை, தரைக்கு மெத்தை, சுவரோரம் பிடித்து நிற்க நாற்காலிகள், தரையில் ஒட்ட வண்ண நாடா. மூட்டை வாங்கப் பணமில்லையெனில் துணைவர் ஏந்தும் திண்டு போதும். விளையாட்டுப் போட்டி நாளன்று கூடாரத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிடுவதில் ஒரு பகுதியே இதற்கு ஆகும். மண்டபத்திற்கு உரிய அனுமதியை எழுத்து மூலம் கேட்டுப் பெறும் வேலையை நானே ஏற்கிறேன். பயிற்சி முடிந்தபின் தரையைக் கூட்டித் துடைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நான்கு பேர் முன்வந்திருக்கின்றனர். அவர்களுள் இருவர் கை நடுங்குபவர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளை மீண்டும் சேர்க்குமாறு கடிதம் கொடுத்துள்ளேன். இம்முறை விருந்துச் செலவுக்கு முன்னர்.